தலைவரி

கையில் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு நடுவில் எங்கேயாவது பிரியுங்கள். கதையைப் படிக்க வேண்டாம். கதைக்கு மேலே, பக்கத்தின் உச்சியில், சின்ன எழுத்தில் தனியாக ஒரு வரி நிற்கிறதே, அதைப் பாருங்கள். இடது பக்கத்தில் புத்தகத்தின் பெயர். வலது பக்கத்தில் அத்தியாயத்தின் பெயர். ஓரத்தில் பக்க எண். முந்நூறு பக்க நாவலில் இந்த வரி ஏறக்குறைய முந்நூறு தடவை வருகிறது. நாவலைப் படித்து முடித்த எந்த வாசகரும் அதை ஒரு தடவையாவது படித்ததாகச் சொல்ல மாட்டார்.

அச்சுத் தொழிலில் இதற்கு 'ரன்னிங் ஹெட்' என்று பெயர். கம்ப்யூட்டர்க்காரர்கள் 'ஹெட்டர்' என்கிறார்கள். நான் 'தலைவரி' என்று சொல்லப்போகிறேன். தலைக்கு இவ்வளவு என்று பழைய அரசாங்கங்கள் வசூலித்த வரி உங்களுக்கு ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. ஆனாலும் ஒரு பொருத்தம் இருக்கத்தான் இருக்கிறது. இந்தத் தலைவரியையும் பக்கத்துக்குப் பக்கம் கட்டியாக வேண்டும். கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பது விட்ட பிறகுதான் தெரியும்.

கம்ப்யூட்டரில் மனுவோ, கணக்கறிக்கையோ, கதையோ எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த வரி காணாமற் போன கதை ஒன்று அநேகமாக எல்லோரிடமும் இருக்கும். "நேற்று இருந்தது, இன்று இல்லை, நான் ஒன்றுமே செய்யவில்லை" என்பதுதான் அந்த வழக்கில் எல்லோரும் கொடுக்கும் வாக்குமூலம். நம்பத் தகுந்த வாக்குமூலந்தான் அது. ஏனென்றால், தலைவரி காணாமற் போவது கம்ப்யூட்டரோடு பிறந்த வியாதியல்ல. புத்தகத்துக்கு எவ்வளவு வயதோ, ஏறக்குறைய அவ்வளவு வயது அதற்கும் உண்டு.

சுருளாக எழுதிய காலத்தில் தலைவரிக்கு வேலையே இல்லை. பாபிரஸ் சுருள் ஒரே நீளமான பொருள். நூலின் பெயரைச் சுருளின் கடைசியில் எழுதினாலும் போதும். ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிட்டாலும் போதும். தாளை மடித்துத் தைத்துப் புத்தகமாக்கிய பிறகுதான் 'பக்கம்' என்று ஒன்று பிறந்தது. பிறந்த பக்கம் பிரிந்து போகவும் கூடும் அல்லவா? நம் ஏட்டுச் சுவடிகளிலும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. ஏட்டின் இடது ஓரத்தில் ஏட்டெண் இருக்கும். சில சுவடிகளில் பகுதியின் பெயரையும் அங்கேயே பொடியாக எழுதியிருப்பார்கள். கயிறு அறுந்து, ஓரமும் ஒடிந்து போனால், அந்த ஏடு எந்தச் சுவடியைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது பண்டிதருக்கும் பெரும்பாடு.

ஐரோப்பாவில் தலைவரிக்கு ராஜயோகம் அடித்தது 13-ஆம் நூற்றாண்டில். பாரிஸ் நகரத்தில் சர்வகலாசாலை வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மாணவர்களுக்கும் பிரசங்கிகளுக்கும் பைபிள் முழுவதும் ஒரே புத்தகத்தில் வேண்டியிருந்தது. நினைத்த இடத்தை உடனே பிரிக்கவும் வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஆகமத்தின் பெயரைச் சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும் எழுத்துகளில் எழுதினார்கள். இதிலும் ஒரு வேடிக்கை செய்தார்கள். பெயரை இரண்டாக வெட்டி முற்பாதியை இடது பக்கத்திலும் பிற்பாதியை வலது பக்கத்திலும் போட்டார்கள். 'ஜெனி' இந்தப் பக்கம், 'ஸிஸ்' அந்தப் பக்கம்! புத்தகம் விரிந்திருக்கும் வரையில் கண்ணுக்கு அழகுதான். தாள் தனியே வந்துவிட்டால் பாதிப் பெயரோடு நிற்கும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்தான் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக் குட்டன்பர்க். சுமார் 1455-ல் அவர் அச்சிட்டு முடித்த பைபிளில் பெரும்பாலான பக்கங்களுக்கு 42 வரிகள். தலைவரி ஒன்றுகூட அச்சில் இல்லை. சிவப்பு மசியில் தலைப்பு அச்சிடும் முயற்சியை முதல் சில பக்கங்களிலேயே அவர் கைவிட்டுவிட்டார். ஒரே தாளை இரண்டு முறை யந்திரத்தில் கொடுத்தால் காலமும் இரட்டிப்பு, பணமும் இரட்டிப்பு. ஆகவே உச்சியை வெறுமையாக விட்டு, "மற்றதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்று புத்தகத்தை வாங்கினவர் தலையில் கட்டிவிட்டார். வாங்கினவர் ஓர் எழுத்தரை அமர்த்திச் சிவப்பிலும் நீலத்திலும் எழுதச் செய்ய வேண்டும். என்னென்ன எழுத வேண்டும் என்று வழிகாட்ட ஒரு சிறு பட்டியலையும் அச்சிட்டுக் கொடுத்தார். இன்று ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்றின் தலையலங்காரம் மற்றொன்றில் இல்லை. அச்சிட்ட பகுதி ஒரே மாதிரி. தலைவரி மாத்திரம் வாங்கினவர் செல்வாக்குப்படி!

பின்னால் வந்த அச்சுக்காரர்கள் தலைவரியையும் ஈயத்தில் கோத்தார்கள். அங்கேதான் நம் கதைக்கு முக்கியமான ஒரு தந்திரம் பிறந்தது. ஒரு பாரம் அச்சாகி முடிந்ததும் கம்பாஸிட்டர் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட வேண்டும். ஆனால் தலைவரியை ஏன் பிரிக்க வேண்டும்? அடுத்த பாரத்துக்கும் அதே வரிதானே? ஆகவே கதை எழுத்துகளை மட்டும் எடுத்துவிட்டு, தலைவரி, கோடுகள், இடைவெளிக் கட்டைகள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்து, புதுப் பக்கத்தைச் சுற்றிப் பூட்டினார்கள். இங்கிலீஷ் அச்சுக்காரர்கள் இதை 'எலும்புக்கூடு' என்றார்கள். சதை மாறும், கூடு மாறாது. இன்று கம்ப்யூட்டரில் 'டெம்ப்ளேட்' என்று சொல்கிறோமே, அதன் பாட்டனார் இவர்தான்.

எலும்புக்கூட்டை மாற்ற மறந்தாலோ, மாற்ற வேண்டாம் என்று தீர்மானித்தாலோ என்ன ஆகும்? ஷேக்ஸ்பியரின் நாடகங்களை 1623-ல் லண்டனில் ஒரே பெரிய புத்தகமாகப் போட்டார்கள். அதில் 'ட்ராய்லஸ் அண்ட் கிரெஸிடா' என்ற நாடகத்தைப் பாருங்கள். அதன் இரண்டாம் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் 79, 80 என்று எண் இருக்கிறது. மற்றப் பக்கங்களுக்கு எண்ணே இல்லை. எண் போட்ட அந்த இரண்டு பக்கங்களின் உச்சியில் 'ட்ராய்லஸ் கிரெஸிடா சோக நாடகம்' என்ற பொருளில் வரி இருக்கிறது. எண் இல்லாத பக்கங்களில் 'சோக நாடகம்' போய்விட்டது. வெறும் பெயர் மாத்திரம். புத்தகத்தின் முன்னால் உள்ள பட்டியலிலோ அந்த நாடகமே இல்லை. 36 நாடகங்களில் 35 தான் அங்கே இருக்கின்றன.

நடந்தது என்னவென்று ஆராய்ச்சிக்காரர்கள் இந்தத் தலைவரியை வைத்தே ஊகித்திருக்கிறார்கள். 'ரோமியோ ஜூலியட்'டுக்கு அடுத்தபடியாக இதைச் சோக நாடகங்களின் வரிசையில் சேர்க்க முதலில் உத்தேசம். மூன்று பக்கம் அச்சானதும் வேலை நின்றுவிட்டது. அச்சிடும் உரிமையில் ஏதோ தகராறு என்பது பொதுவான அபிப்பிராயம். அந்த இடத்தில் வேறு நாடகத்தைப் போட்டு நிரப்பினார்கள். கடைசி நேரத்தில் தகராறு தீர்ந்ததும், சரித்திர நாடகங்களுக்கும் சோக நாடகங்களுக்கும் இடையில் இதைச் சொருகினார்கள். முன்பு அச்சான தாளை வீணாக்க மனம் வரவில்லை. அதையும் வைத்துத் தைத்துவிட்டார்கள். இரண்டு பக்கங்களின் உச்சியில் தங்கிவிட்ட இரண்டு சொற்கள் இத்தனையையும் காட்டிக் கொடுத்துவிட்டன! நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல துப்பறியும் கதை அகப்படுவது கஷ்டம்.

அச்சான தலைவரிக்கும் ஆபத்து நீங்கவில்லை. பழைய புத்தகத்தைப் புது அட்டை போடக் கொடுத்தால் பைண்டர் ஓரங்களைச் சமமாக வெட்டுவார். ஒவ்வொரு முறையும் ஓர் இழை போகும். இரண்டு மூன்று தலைமுறைக்குள் கத்தி தலைவரிக்கு வந்துவிடும். பழம்புத்தக வியாபாரிகளின் பட்டியல்களில் 'தலைவரி வெட்டுண்டது' என்ற குறிப்பு சர்வ சாதாரணம். வெட்டினவர் எவரும் வேண்டுமென்று வெட்டவில்லை. அவர் கண் கதையைக் காப்பாற்றுவதில் இருந்தது. கதை ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லையே!

டைப்ரைட்டர் காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தாளின் உச்சியிலும் பெயரையும் எண்ணையும் கையாலேயே தட்ட வேண்டும். தட்டினால் இருக்கும், தட்டாவிட்டால் இருக்காது.

'ஒரு தரம் சொன்னால் போதும், பக்கந்தோறும் நானே போட்டுக்கொள்கிறேன்' என்று யந்திரம் முதலில் சொன்னது அமெரிக்காவில், எம்.ஐ.டி. என்ற கலாசாலையில். ஜெரோம் ஸால்ட்ஸர் 1964-ல் அங்கே 'ரன்ஆஃப்' என்று ஒரு புரோகிராம் எழுதினார். எழுத்துக்கு நடுவே ஒரு வரியில் புள்ளி வைத்து 'ஹெட்டர்' என்று அடித்து, வேண்டியதைப் பக்கத்தில் எழுதினால், அது எல்லாப் பக்கத்தின் உச்சியிலும் வந்து நிற்கும். 1970களின் கடைசியில் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த 'வேர்ட்ஸ்டார்' புரோகிராமும் இதே புள்ளி வம்சந்தான். புள்ளி, எச், ஈ என்று அடித்தால் தலைவரி. (நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், தாம் இன்னும் வேர்ட்ஸ்டாரில்தான் எழுதுவதாக 2014-ல் ஒரு டெலிவிஷன் பேட்டியில் சொன்னார். அவருக்கு என் அனுதாபம் இல்லை. சற்றுப் பொறாமை உண்டு.) அப்புறம் வந்த 'வேர்ட்பெர்ஃபெக்ட்'டில் ஒரு சாவியைத் தட்டினால் எழுத்துகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குறிகள் எல்லாம் திரையில் தெரியும். தலைவரி எங்கே தொடங்குகிறது, எங்கே நிறுத்தப்படுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

பார்வைக்கு அவலட்சணமான முறைகள்தான். ஆனால் எலும்புக்கூடு வெளியே தெரிந்தது. காணாமற் போனால் தேட ஓர் இடம் இருந்தது.

பிறகு வந்தது அழகு. ஜெராக்ஸ் கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சி சாலையில், பட்லர் லாம்ப்ஸனும் ஹங்கேரியில் பிறந்த சார்ல்ஸ் சிமோனியும் 1974-ல் 'பிராவோ' என்ற புரோகிராமைச் செய்தார்கள். தாளில் எப்படி வருமோ அப்படியே திரையில் தெரிய வேண்டும் என்பது கொள்கை. சிமோனி 1981-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனிக்குப் போனார். 1983-ல் 'வேர்ட்' வெளிவந்தது. திரை வெள்ளைத் தாளாயிற்று. தாளின் உச்சியில் தலைவரி மங்கலாகத் தெரிந்தது. புள்ளிகளும் குறிகளும் மறைந்தன. கூட்டுக்கு மேல் தோல் போர்த்திவிட்டார்கள்.

தோலுக்கு அடியில் கூடு எப்படி இருக்கிறது என்பதுதான் காணாமற் போகும் ரகசியம். திரையில் தலைவரி பக்கத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை. 'செக்ஷன்' என்ற பிரிவுக்குச் சொந்தம். ஒரு கோப்பில் ஒரு பிரிவும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். ஒவ்வொரு பிரிவும் மூன்று தலைவரி வைத்துக்கொள்ளலாம்: முதல் பக்கத்துக்கு ஒன்று, இரட்டைப்படைப் பக்கத்துக்கு ஒன்று, மற்றப் பக்கங்களுக்கு ஒன்று. தனக்கென்று இல்லாத பிரிவு முன் பிரிவின் வரியை வாரிசாக எடுத்துக்கொள்ளும். இந்த விவரங்கள் பிரிவின் தொடக்கத்தில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? அங்கே இல்லை. பிரிவின் முடிவில், அடுத்த பிரிவுக்கு முன்னால் வரும் பிரிவுக் குறியில் இருக்கின்றன. கடைசிப் பிரிவின் விவரம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. பிரிவுக் குறியை அழித்தால், அதற்கு முன்னால் இருந்த எழுத்தெல்லாம் பின்னால் வரும் பிரிவின் சொத்தாகிவிடும். பின் பிரிவின் தலைவரியைத்தான் அணிந்துகொள்ளும்.

இது ஏதோ எழுத்து வேலைக்காரர்களின் சில்லறை விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், எண்பது வயது கடந்தவர், காலஞ்சென்ற தம் தகப்பனாரின் நாட்குறிப்பைக் கம்ப்யூட்டரில் பதித்தார். பெரியவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். 1943 முதல் பத்து நோட்டுகள். வருஷத்தை நோட்டின் அட்டையில் மாத்திரம் எழுதியிருந்தார். உள்ளே தேதியும் கிழமையுந்தான். ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு வருஷத்தையும் ஒரு பிரிவாக்கி, வருஷத்தைத் தலைவரியில் போட்டார். கடைசியில் வம்சாவளிக்காக ஒரு பிரிவு; அதற்குத் தலைவரி எதுவும் இல்லை. பதித்து முடித்த பிறகு, செல்லரித்த நோட்டுகளை வீட்டில் யாரோ எறிந்துவிட்டார்கள்.

பேரன் உதவிக்கு வந்தான். "தாத்தா, ஒவ்வொரு வருஷத்துக்கு நடுவிலேயும் பாதிப் பக்கம் காலியா நிக்கிறது. பேப்பர் தண்டம்" என்று சொல்லி, நடுவில் இருந்த குறிகளை எல்லாம் அழித்தான். கோப்பு முழுவதும் வம்சாவளிப் பிரிவில் அடங்கிற்று. அதன் தலைவரியோ வெறுமை. பத்து வருஷங்களும் ஒரே நிமிஷத்தில் பெயரிழந்தன. கோப்பை அப்படியே சேமித்தும் வைத்தாயிற்று.

ஹெட்மாஸ்டர் கட்டோடு என் வீட்டுக்கு வந்தார். "நீங்கள் புஸ்தகம் எழுதுகிறவர். ஒரு வழி சொல்ல வேண்டும், சார்" என்றார்.

வரிசை குலையவில்லை; டிசம்பர் போய் ஜனவரி வரும் இடமெல்லாம் புது வருஷம் என்று கோடு கிழித்துக்கொண்டே வந்தோம். ஓரிடத்தில் சிக்கிற்று. ஒரு நோட்டு ஜூனோடு நின்றிருக்கிறது. அடுத்த நோட்டு ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தபோது ஒரே வருஷத்தின் ஜூனும் ஆகஸ்டும் போல ஓடின. அந்த ஜூனில் அவருடைய தங்கை பிறந்த செய்தி இருந்தது. ஆகஸ்டில் அந்தக் குழந்தை போன செய்தி இருந்தது. குழந்தை இருந்தது இரண்டு மாதமா, பதினான்கு மாதமா? அவர் அப்போது சிறு பிள்ளை, ஞாபகம் இல்லை. கேட்டுச் சொல்ல இன்று யாரும் இல்லை.

'ஆகஸ்ட் 19, ஞாயிறு' என்று பெரியவர் எழுதியிருந்தார். 1944-ல் அந்தத் தேதி சனிக்கிழமை. 1945-ல்தான் ஞாயிறு.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். "பதினான்கு மாதம் என்றால் நடந்திருப்பாளே, சார்" என்றார்.

மற்ற வகையான மறைவுகள் இவ்வளவு கொடுமையானவை அல்ல. 'டிராஃப்ட்' என்ற பார்வையில் கோப்பைத் திறந்தால் தலைவரி திரையில் வராது; பார்வையை மாற்றினால் வரும். இரண்டு பக்கங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தற்செயலாக எலியை இரண்டு முறை தட்டினால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் மடங்கி, தலைவரியும் உள்ளே போய்விடும். மறுபடி அங்கேயே தட்டினால் வெளியே வரும். முதல் பக்கத்தில் மாத்திரம் இல்லை என்றால், 'முதல் பக்கம் வேறு' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கும். ஒன்றுவிட்டு ஒரு பக்கத்தில் இல்லை என்றால் ஒற்றை இரட்டைக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்து இல்லை என்றால், அங்கே ஒரு புதுப் பிரிவு தொடங்கியிருக்கிறது. முன் பிரிவோடு உள்ள தொடர்பு அறுபட்டிருக்கிறது.

டெம்ப்ளேட் விஷயத்தில்தான் அநேகர் ஏமாறுகிறார்கள். ஓர் ஆபீஸின் விலாசம் மாறுகிறது. டெம்ப்ளேட்டில் தலைவரியைத் திருத்துகிறார்கள். இனிப் பழைய கடிதங்களைத் திறந்தாலும் புது விலாசம் வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது. கோப்பு பிறக்கும் சமயத்தில் டெம்ப்ளேட் தன் தலைவரியில் ஒரு பிரதியைக் கொடுக்கிறது. அதோடு சரி, தாயும் பிள்ளையும் வேறு. பின்னால் டெம்ப்ளேட்டைக் கொண்டுவந்து இணைத்தாலும், எழுத்தின் பாணிகளைப் புதுப்பித்துக்கொள்ளலாமே தவிர, தலைவரி ஏறாது. 1623-ல் அச்சான அந்த மூன்று பக்கங்களின் கதைதான். கூட்டை மாற்றிப் பூட்டினால் இனிமேல் அச்சாகும் தாள் மாறும். அச்சான தாள் மாறாது. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

2007-க்குப் பிறகு வேர்ட் எழுதும் கோப்பு உண்மையில் ஒரு மூட்டை. பெயரின் வாலை 'ஸிப்' என்று மாற்றிவிட்டு அவிழ்த்தால், உள்ளே கதை ஒரு கோப்பிலும், தலைவரிகள் ஹெட்டர் 1, ஹெட்டர் 2 என்று தனித்தனிக் கோப்புகளிலும் இருக்கும். நான் அவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்துக்கென்று எழுதிய வரி, டிக்கை எடுத்துவிட்டதால் திரையில் எங்கும் தெரியாத வரி, அங்கே எழுத்துக் குறையாமல் இருந்தது. மூட்டையைக் கட்டி, கோப்பைத் திறந்து, அந்தக் கட்டத்தில் மறுபடி டிக் போட்டேன். வந்து நின்றது.